‘வளர்ப்பு சரியில்லை’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மகன் நான்காம் வகுப்பு. முந்தின வாரம் கூடப் படிக்கும் பையனை அடித்துவிட்டான். வகுப்பாசிரியை எல்லார் முன்னாலும் சொன்னார்: “தப்பா நினைக்காதீங்கம்மா, வளர்ப்பு சரியில்லை.” அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல், “பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்ட்டுங்க டீச்சர். வீட்டுக்கு வர எட்டரை ஆயிருதுங்க” என்றார். அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்தச் சொல்லை நாம் எல்லாருமே புழங்குகிறோம். பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் நல்ல வளர்ப்பு. பஸ்ஸில் அடம்பிடித்து அழுதால் ‘வளர்த்த லட்சணம்’. பெரும்பாலும் அது அம்மாவின் தலையில்தான் விழுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை வருத்தத்தைச் சொல்ல எழுதியதல்ல. ஒரு குழந்தையின் அறிவும் மனமும் உடம்பும் வளர்வதில் குடும்பத்தின் பங்கு என்ன, அந்தப் பங்கு எந்த வழியாக வேலை செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் நிறையவே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதை மனவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

நிலை ஒன்று, நடப்பு ஒன்று

ஒரு வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன அடுப்பு, சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, டப்பாவில் எவ்வளவு அரிசி என்பது ஒரு கணக்கு. இன்று அங்கே என்ன சமைத்தார்கள், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது வேறு கணக்கு. நிறைந்த டப்பா இருந்தும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடும் வீடு உண்டு. அரை டப்பா அரிசியில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சிரித்துச் சாப்பிடும் வீடும் உண்டு. ஆனாலும் டப்பா அடியோடு காலியானால் எந்தச் சிரிப்பாலும் சோறு பொங்க முடியாது.

குடும்பத்தையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். வருமானம், பெற்றோரின் படிப்பு, வீட்டில் எத்தனை பேர், தாய் தனியாக வளர்க்கிறாரா, தாத்தா பாட்டி கூட இருக்கிறார்களா, வேலை நேரம் எது, வீட்டில் யாருக்காவது நோயா என்பவற்றைக் குடும்பத்தின் ‘நிலை’ என்று வைத்துக்கொள்வோம். குழந்தையோடு பேசுவது, அழுதால் தூக்குவது, விளையாடுவது, கண்டிப்பது, குழந்தையின் காதுபடச் சண்டை போடுவது ஆகியவை ‘நடப்பு’. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு சொற்களையும் இந்தப் பொருளில்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு வயதுக் குழந்தைக்கு அப்பாவின் சம்பளம் தெரியாது, அம்மா எத்தனாவது வரை படித்தார் என்பதும் தெரியாது. தூக்கச் சொல்லிக் கை நீட்டினால் தூக்குகிறார்களா என்பது தெரியும். நிலை குழந்தையைப் பெரும்பாலும் நேராகத் தொடுவதில்லை. நடப்பின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. சத்துக்குறைவு, புகை அடைந்த வீடு போன்றவை நேராகவே உடம்பைத் தாக்கும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பருப்பு கடையும் விளையாட்டு

பாட்டி குழந்தையின் உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை அதில் வைத்துச் சுற்றிப் பருப்பு கடைகிறாள். கடைந்த பருப்பை ஒவ்வொரு விரலாக மடக்கிப் பங்கு வைக்கிறாள்: இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது தாத்தாவுக்கு. பிறகு இரண்டு விரல்களை நண்டு மாதிரி குழந்தையின் கைமேல் ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறாள். முதல் தடவை குழந்தை கிச்சுகிச்சுக்குச் சிரிக்கும். நாலாவது தடவை நண்டு முழங்கையைத் தாண்டும்போதே சிரிக்கும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பாட்டி வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவாள். குழந்தை அவள் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்கும், “ம்?” என்று ஒரு சத்தம் போடும். “என்ன, இன்னும் வேணுமா?” என்று பாட்டி கேட்டு, மறுபடி தொடங்குவாள்.

இந்த இரண்டு நிமிடத்தில் கவனம், நினைவு, எதிர்பார்ப்பு, முறை வைத்துப் பேசுவது, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு எல்லாம் பயிற்சியாகின்றன. குழந்தை ஒன்று தருகிறது: ஒரு பார்வை, ஒரு சத்தம், ஒரு சிணுங்கல். பெரியவர் அதைக் கவனித்து, அதற்கேற்ற ஒன்றைத் திருப்பித் தருகிறார். குழந்தை அதற்கு மேல் ஒன்று தருகிறது. ஷட்டில் ஆட்டத்தில் பந்து போய்த் திரும்புவதைப்போல. ஆங்கிலத்திலும் இதை ‘சர்வ் அண்ட் ரிட்டர்ன்’ என்றே சொல்கிறார்கள். நாம் ‘கொடுக்கல் வாங்கல்’ என்று சொல்லலாம்.

இதனால் மூளையில் என்ன நடக்கிறது? பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளைச் செல்களுக்கிடையே வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புது இணைப்புகள் உண்டாவதாகக் கணக்கிடுகிறார்கள். தேவைக்கு மிஞ்சியே உண்டாகின்றன. பிறகு புழங்கும் இணைப்புகள் பலப்படும், புழங்காதவை கழியும். வயல் வாய்க்கால் மாதிரிதான். நீர் ஓட ஓட வாய்க்கால் ஆழப்படும், ஓடாத வாய்க்கால் தூர்ந்துபோகும். கொடுக்கல் வாங்கல்தான் அந்த நீர்.

இது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க மனவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் ஒரு சின்னச் சோதனையில் காட்டினார். தாய் குழந்தையோடு வழக்கம்போல் கொஞ்சி விளையாடுகிறார். பிறகு சில நிமிடம், எந்த உணர்ச்சியும் இல்லாத அசையாத முகத்தோடு குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது. கை நீட்டுகிறது. விரல் காட்டுகிறது. கத்துகிறது. ஒன்றுக்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுபோகிறது. அம்மா எங்கும் போகவில்லை, எதிரிலேயே இருக்கிறார். கொடுத்ததை வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். கையில் போனை வைத்துக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் (நானும்தான்) இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அதே டிரானிக்கின் இன்னொரு கண்டுபிடிப்பைப் பெற்றோர் யாரும் தவறவிடக் கூடாது. நன்றாக ஒட்டி உறவாடும் தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் சரியாக இசைந்திருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் தவறுகிறது: குழந்தை பசிக்கு அழும், அம்மா தூக்கம் என்று நினைப்பார். தவறியதைக் கவனித்துத் திருத்திக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. ‘எனக்குக் கோபம் வந்தா, நீ வேற ஏதாவது பண்ணி என்னைச் சமாதானப்படுத்துவே’ என்பதைக் குழந்தை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. ஒரு நாள் கத்திவிட்டோமே, பிள்ளை கெட்டுப்போகுமோ என்று ராத்திரியெல்லாம் தூங்காத அம்மாக்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கத்தியது சரி என்று சொல்லவில்லை. அதன்பின் போய் அணைத்துக்கொண்டீர்கள் அல்லவா, அதற்கும் கணக்கு உண்டு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். குடும்பத்துக்கு நிலை என்றும் நடப்பு என்றும் இரண்டு முகங்கள். குழந்தையைத் தொடுவது நடப்பு. நடப்பின் மையம் கொடுக்கல் வாங்கல். அது பிழையில்லாமல் இருக்க வேண்டியதில்லை, அறுந்துபோகாமல் இருந்தால் போதும்.

அழுகைச் சத்தம் கேட்காத அறைகள்

இந்தக் கொடுக்கல் வாங்கல் அறவே இல்லாமற்போன ஓர் இடம் உண்டு. ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு, மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் கருக்கலைப்புக்குத் தடை விதித்தார். வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு விடுதிகளில் விட்டன. 1989இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படி விடுதிகளில் இருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொன்ன ஒரு விஷயம் இன்றும் மனதை அறுக்கிறது: வரிசையாகத் தொட்டில்கள், ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று அந்தக் குழந்தைகள் கற்றுக்கொண்டிருந்தார்கள். பால் வேளைக்கு வந்தது, துணியும் மாற்றினார்கள். தனக்கென்று ஒரு முகம்தான் இல்லை.

2000வாக்கில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புகாரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். விடுதிகளிலிருந்த, இரண்டரை வயதுக்கு உட்பட்ட 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனது, மறுபாதிக்கு வழக்கமான ஏற்பாடே தொடர்ந்தது. அன்று அந்த ஊரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு என்பதே பெயரளவுக்குத்தான் இருந்தது. ஆய்வாளர்களே அதை உருவாக்கினார்கள்.

நான்கரை வயதில் ஐ.க்யூ. பார்த்தார்கள். ஐ.க்யூ. என்பது அந்த வயதுக்குரிய சராசரியை 100 என்று வைத்து அறிவுத்திறனை அளக்கும் ஓர் எண். வழக்கமான ஏற்பாடே தொடர்ந்த குழுவின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. பிறந்ததிலிருந்தே சொந்தக் குடும்பத்தில் வளர்ந்த புகாரெஸ்ட் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்த குழந்தைகள், தாமதமாகக் கிடைத்தவர்களைவிடப் பல விதங்களில் தேறியிருந்தார்கள்.

‘பிணைப்பு’ என்ற சொல்லையும் இங்கே விளக்கிவிடுகிறேன். பயம், வலி, களைப்பு வரும்போது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளவும், தேறியதும் மறுபடி உலகத்தைப் பார்க்கக் கிளம்பவும் குழந்தைக்கு ஒரு குறிப்பிட்ட ஆள் இருப்பதுதான் பிணைப்பு. கோயில் கூட்டத்தில் அப்பாவின் வேட்டி நுனியை விட்டு நாலடி போய், திரும்பிப் பார்த்து, இன்னும் நாலடி போகும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் அது. அந்த ஆள் பெற்ற தாயாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. புகாரெஸ்டின் வளர்ப்புக் குடும்பங்களில் இருந்தவர்கள் யாரும் பெற்றவர்கள் அல்லர். பாட்டியோ பெரியப்பாவோ, தினமும் இருக்கிற, மாறாத ஒருவர் வேண்டும்.

கிங்ஸ்டனில் வாரம் ஒரு மணி நேரம்

புகாரெஸ்ட் ஒரு கடைக்கோடி. நம் வீடுகள் அப்படிப்பட்டவை அல்ல. ஏழ்மை இருந்தாலும் குடும்பம் இருக்கும் வீடுகளில் நடப்பை மட்டும் கொஞ்சம் வளப்படுத்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கான பதில் ஜமைக்காவிலிருந்து வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வும் இதுதான்.

1986-87இல் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், சத்துக் குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். வயது ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வரை. சாலி கிரந்தம்-மெக்ரெகர், சூசன் வாக்கர் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு. ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு உணவு. ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது.

வீட்டுக்கு வந்த பணியாளர் குழந்தைக்குப் பாடம் எடுக்கவில்லை. கழிவு பாட்டிலிலும் அட்டையிலும் செய்த பொம்மைகளைக் கொண்டுவந்து, அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்து விளையாடினார். குழந்தை சத்தம் போட்டால் எப்படிப் பதில் பேசுவது, குளிப்பாட்டும்போது என்ன பேசலாம், முடிந்ததற்கு எப்படிப் பாராட்டுவது என்று அம்மாவோடு சேர்ந்து செய்தார். போகும்போது பொம்மையை வைத்துவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றைக் கொண்டுவந்தார். எளிமையாகச் சொன்னால், பருப்பு கடையும் விளையாட்டின் ஜமைக்கா வடிவம்.

உணவால் மட்டும் வந்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. விளையாட்டால் வந்தது நின்றது. இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, வீட்டுக்கு ஆள் வந்த குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சத்துக் குறைவே இல்லாமல் வளர்ந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எட்டிப் பிடித்திருந்தார்கள். இந்த முறையைப் பின்னர் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒடிசாவின் கட்டாக்கிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் குடும்பங்களின் வருமானத்தையோ அம்மாவின் படிப்பையோ யாரும் மாற்றவில்லை. நிலை அப்படியே இருந்தது. நடப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேர விதை விழுந்தது, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இதைப் படித்துவிட்டு ‘ஏழைகளுக்குச் சோறு வேண்டாம், பொம்மை போதும்’ என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. சோறு கொடுத்ததற்கு அந்த நேரத்தில் பலன் இருந்தது. பசித்த குழந்தை விளையாடாது.

பணம் எந்த வழியாக உள்ளே வருகிறது

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். நடப்பைத் தொடாமல் நிலையை மட்டும் மாற்றினால்?

அமெரிக்காவின் வட கரோலைனா மலைப்பகுதியில் 1993இல், 9 முதல் 13 வயதுவரையான 1,420 குழந்தைகளின் மனநலத்தை ஆண்டுதோறும் அளக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. அவர்களில் கால்வாசிப் பேர் செவ்விந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆய்வு பாதி நடந்துகொண்டிருக்கையில், யாரும் எதிர்பாராதபடி, அங்கிருந்த செரோக்கி என்ற செவ்விந்திய மக்களின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. அதன் லாபத்தில் அம்மக்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு கிடைத்தது. வேலைக்குப் போகிறாரா, நல்ல பெற்றோரா என்று எந்த நிபந்தனையும் இல்லை. வறுமையிலிருந்த சில குடும்பங்கள் அதிலிருந்து மேலேறின.

ஜேன் காஸ்டெல்லோவும் குழுவினரும் 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வறுமையிலிருந்து மேலேறிய வீட்டுப் பிள்ளைகளிடம் அடிதடி, எதிர்த்துப் பேசுவது, பொய், திருட்டு போன்ற நடத்தைச் சிக்கல்கள், வறுமையையே அறியாத பிள்ளைகளின் அளவுக்குக் குறைந்துவிட்டன. பதற்றமும் மனச்சோர்வும் அப்படிக் குறையவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பணம் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை.

நடத்தை ஏன் மாறியது? பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரமும் தெம்பும் கிடைத்ததே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், பள்ளிக்கூடம் விட்டு வந்தானா என்று பார்க்க ஆள் வந்தது. யாரும் அந்தப் பெற்றோருக்கு ‘வளர்ப்பு’ கற்றுத்தரவில்லை. கையில் கொஞ்சம் காசு வந்ததும், ஏற்கெனவே தெரிந்த வளர்ப்பைச் செய்ய அவர்களுக்கு இடம் கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலிருந்து இன்னொன்று. பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில், கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளான பெண்களுக்கு, ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்களே எளிய மனச் சிகிச்சை கொடுத்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது சிகிச்சை கிடைக்காத தாய்மாரில் 53 சதவீதத்தினர் மனச்சோர்வில் இருந்தார்கள். கிடைத்தவர்களில் 23 சதவீதத்தினர். குழந்தையின் எடையிலும் உயரத்திலும் பெரிய வேறுபாடு வரவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போட்டார்கள். அந்த வீடுகளில் தாயும் தந்தையும் குழந்தையோடு கூடுதல் நேரம் விளையாடினார்கள். நம் ஊரில் பிரசவமான பெண் சோர்ந்து கிடந்தால் ‘பிள்ளை மேல பாசமில்லாதவ’ என்கிறோம். அது சிகிச்சையால் தீரக்கூடிய நோய்.

ஆக, சங்கிலி இப்படிப் போகிறது: பணம், நேரம், உடம்பு, மனம் என்ற நிலைகள் பெற்றோரின் தெம்பைக் கூட்டும் அல்லது உறிஞ்சும். அந்தத் தெம்புதான் நடப்பாக மாறுகிறது. நடப்பு குழந்தையைத் தொடுகிறது. 2017இல் திருத்திய நம் மகப்பேறு பலன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும் என்று சொன்னது. தொழிலாளர் சட்டமாகத் தெரியும் இது, உண்மையில் குழந்தை வளர்ப்புச் சட்டமும்கூட. கட்டட வேலைக்கும் களை பறிக்கவும் போகும் பெண்களை அது எட்டுவதில்லை. அவர்களுக்கு இருப்பது, 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிதான்.

தவளை கத்தியா குளம் நிறைந்தது?

குளம் நிறைந்திருக்கும் இரவில் தவளைகள் கத்தும். தவளை கத்தியதால் குளம் நிறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். இரண்டுக்கும் காரணம் மழை. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவதை ‘உடனிகழ்வு’ என்பார்கள். ஒன்று இன்னொன்றை உண்டாக்கினால்தான் அது ‘காரணம்’.

குழந்தை வளர்ப்புப் பேச்சில் நம் பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. புத்தக அலமாரி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பது உடனிகழ்வு. அலமாரி வாங்கி வைத்தால் பிள்ளை படித்துவிடாது. அம்மா அப்பா பிரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிக்கல் கூடுதல் என்பதும் அப்படித்தான். பிரிவோடு கூடவே வருமானம் சரிகிறது, வீடு மாறுகிறது, பிரிவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கோலம்பாக், தனித் தாய்மார், ஒருபால் இணையர், செயற்கைக் கருவூட்டலில் பிள்ளை பெற்றவர்கள் என்று பல வகைக் குடும்பங்களை 1970களிலிருந்து ஆராய்ந்து வருகிறார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, இருப்பவர்களுக்குள் உறவு எப்படி என்பதே பிள்ளைகளின் நலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதே அவர் திரும்பத் திரும்பக் கண்டது. ‘அப்பா இல்லாத வீடு’ என்று ஒரு குழந்தையை முத்திரை குத்துமுன் இதை யோசிக்கலாம்.

வீட்டுப்பாடத்தையும் எடுத்துக்கொள்வோம். நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர் 2009இல், நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய உதவுவதற்கும் மதிப்பெண்ணுக்கும் நல்ல தொடர்பு தெரியவில்லை, சில இடங்களில் எதிராகவே இருந்தது. படிப்பால் என்ன பயன், உனக்கு என்ன ஆக வேண்டும், அதற்கு என்ன வழி என்று பிள்ளையோடு பேசும் வீடுகளில்தான் மிகத் தெளிவான நல்ல தொடர்பு இருந்தது. உடனே வீட்டுப்பாடத்தில் உதவக் கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தவளையை நினைவில் வையுங்கள்: ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்குத்தானே பெற்றோர் பக்கத்தில் உட்கார்கிறார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அப்பாவும் செய்யக்கூடியது இரண்டாவது வகைப் பேச்சு. எனக்கு அதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

தோசையில் மாவு எத்தனை பங்கு?

எல்லாம் வளர்ப்பு என்பது ஒரு கட்சி, எல்லாம் பிறவிக்குணம் என்பது எதிர்க்கட்சி. ஒரு தோசையில் எத்தனை பங்கு மாவு, எத்தனை பங்கு சூடு என்று கேட்டால் என்ன சொல்வோம்? சூடில்லாத கல்லில் எந்த மாவும் தோசையாகாது, மாவில்லாத கல்லில் எந்தச் சூடும் தோசை தராது. சில மாவுக்குக் கல் மிதமாக இருக்க வேண்டும், சிலவற்றுக்கு நன்றாகக் காய வேண்டும். மரபணு, அதாவது பெற்றோரிடமிருந்து உடலில் வரும் குறிப்பு, மாவு. வீடும் ஊரும் கல்லும் சூடும்.

நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கைக்குழந்தைகளிடமே குண வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. சிலர் எதையும் எளிதில் ஏற்றுக்கொண்டார்கள். சிலர் தயங்கித் தயங்கி நெருங்கினார்கள். சிலர் எதற்கும் முரண்டு பிடித்தார்கள். இவற்றில் எது நல்லது, எது கெட்டது என்று அவர்கள் பார்க்கவில்லை. குழந்தையின் குணத்துக்கும் வீட்டின் எதிர்பார்ப்புக்கும் உள்ள ‘பொருத்தம்’ எப்படி என்று பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பார்க்கும் அதே சொல்தான். தயங்கும் குழந்தையை விருந்தாளி முன்னால் இழுத்துவிட்டுப் பாடச் சொல்லும் வீட்டில் பொருத்தம் இல்லை. பத்து நிமிடம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கவிடும் வீட்டில் இருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வளர்ப்பு ஒன்றுபோல ஒத்துவராததன் காரணமும் இதுதான். வளர்ப்பு ஒருவழிப் பாதையாகவும் இருப்பதில்லை. எளிதில் சிரிக்கும் குழந்தையைக் கொஞ்ச எல்லாரும் வருவார்கள், ராத்திரி முழுக்க அழும் குழந்தை தன் பெற்றோரின் பொறுமையைத் தானறியாமலே தேய்க்கும்.

மாவை மறந்துவிட்டு எல்லாப் பழியையும் கல்லின் மேல் போட்டதால் நடந்த கொடுமை ஒன்று வரலாற்றில் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில், குழந்தைக்கு ஆட்டிசம் (பிறரோடு பேசுவதிலும் பழகுவதிலும் சிக்கல் தரும் மூளை வளர்ச்சி வேறுபாடு) வருவதற்குத் தாயின் அன்பில்லாத குளிர்ந்த மனமே காரணம் என்று நிபுணர்களே சொன்னார்கள். ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்று பெயரும் வைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். ஆயிரக்கணக்கான தாய்மார் பிள்ளையின் துன்பத்தோடு இந்தப் பழியையும் சுமந்தார்கள். 1964இல், ஆட்டிசமுள்ள மகனின் தந்தையும் மனவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் அதை மறுத்து எழுதினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையர்களை ஆராய்ந்து, மரபின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். ஆனாலும் ‘நீ போன் கொடுத்ததாலதான் பிள்ளை இப்படி ஆச்சு’ என்று ஆட்டிசக் குழந்தையின் தாயிடம் சொல்பவர்கள் இன்றும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வீட்டில் சண்டை வந்தால்

இது சுருக்கமாக, ஆனால் எல்லாரும் கேட்பது. குழந்தை முன்னால் சண்டையே போடக் கூடாதா? நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் மார்க் கமிங்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். கருத்து வேறுபாட்டைவிட, அது எப்படி முடிகிறது என்பதே குழந்தைக்குப் பெரிது. அடி, அவமானம், நாள்கணக்கில் முகம் கொடுக்காத மௌனம் ஆகியவை குழந்தையின் காலடித் தரையையே ஆட்டும். சண்டை போட்டு, பேசி, சமாதானமானதைக் கண்ணால் பார்த்த குழந்தையின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: சண்டையைக் கூடத்தில் போடுகிறோம், சமாதானத்தைக் குழந்தை தூங்கியபின் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம்.

அந்தப் பெற்றோர் கூட்டத்துக்குத் திரும்பினால்

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை அடித்தான். மேலே சொன்னதையெல்லாம் தெரிந்துகொண்ட ஒருவர் என்ன கேட்பார்? பள்ளி விட்டு அம்மா வரும்வரை உள்ள நாலு மணி நேரம் பையன் யாரோடு இருக்கிறான்? அம்மாவின் ஷிப்ட்டைக் கேட்ட மாதிரி அப்பாவின் ஷிப்ட்டையும் யாராவது கேட்டார்களா? பையன் சின்ன வயதிலிருந்தே சுள்ளென்று கோபப்படுகிற குணமா, சமீபத்தில் வந்ததா? அடிபட்ட பையன் அதற்கு முன் என்ன சொன்னான்? இவற்றில் சில நிலையைப் பற்றியவை, சில நடப்பை, சில மாவை, சில பொருத்தத்தை. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தால் அடுத்து செய்ய ஏதாவது ஒன்று இருக்கும். ‘வளர்ப்பு சரியில்லை’ என்பதற்குப் பின் செய்ய ஒன்றுமே இருப்பதில்லை.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணோடு பத்து நிமிடம் நின்றிருந்தேன். பையன் உங்களோடு பேசுவானா என்று கேட்டேன். “பேசாமயா? ராத்திரி நான் வந்ததும் பின்னாடி வந்து உக்காந்துக்குவானுங்க. என் தலையில ஒட்டியிருக்கற பனியன் பஞ்சையெல்லாம் ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுப்பான். அப்பத்தான் பள்ளிக்கூடத்துக் கதை பூராவும் சொல்லுவான். அந்தப் பையன் இவனை என்ன சொன்னான்னும் அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டானுங்க” என்றார். பிறகு, “டீச்சர் அதைக் கேக்கவே இல்லீங்களே” என்றார்.